மேளத்தைத் தடை செய்த தீவில் ஏழு நாள்: டிரினிடாட் கார்னிவல் குறிப்புகள்

வியாழன், நள்ளிரவு

சென்னையிலிருந்து லண்டன் வழியாக, கரீபியன் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. கண் எரிகிறது. ஆனாலும் இன்று கேட்டதை இன்றே எழுதிவிட வேண்டும்.

முதலில், ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, கவிச்சி இல்லாத அடுப்பு, அப்பாயியின் கறாரான முகம். இவைதான் எனக்குத் தெரிந்தவை. அந்த நோன்புக்குள் போவதற்கு முன் ஊரே தெருவில் இறங்கி ஆடித் தீர்க்கும் கார்னிவல் என்ற ஒரு வழக்கம் உலகத்தின் பல பக்கங்களில் இருக்கிறது என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இருபத்தைந்து வயதில் பறை கற்றேன். எனக்குக் கற்றுத்தந்த அண்ணன் ஒருநாள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: "கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுல மேளம் அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க தம்பி. அந்த சனங்க எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டி புதுசா ஒரு வாத்தியத்தையே செஞ்சுட்டாங்க." அந்த வாத்தியத்தைப் பிறந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தது, பதினோரு வருடம் கழித்துக் கைகூடியிருக்கிறது.

தங்கியிருப்பது பெல்மான்ட் பகுதியில், வயதான ஓர் அம்மாவின் வீட்டு மாடி அறை. எல்லாரும் அவரை டான்ட்டி என்கிறார்கள். பிரெஞ்சில் அத்தை, சித்தி எல்லாருக்கும் பொதுவான சொல்லிலிருந்து வந்தது. நானும் டான்ட்டி என்றே கூப்பிடுகிறேன். பெட்டியை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பான்யார்டுக்குப் போகலையா?"

அந்தப் பீப்பாய் வாத்தியத்துக்கு ஸ்டீல்பான் என்று பெயர், சுருக்கமாகப் பான். பான்யார்டு என்பது ஸ்டீல்பான் குழுக்கள் பயிற்சி செய்யும் திறந்தவெளி. இன்று போனது சார்லட் தெருவில் உள்ள ரெனகேட்ஸ் குழுவினுடையது. சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள். நெருக்கிப் பிடித்தால் கைக்குள் அடங்குகிற குச்சிகள், நுனியில் ரப்பர். பள்ளிச் சீருடையைக் கழற்றாத ஒரு பெண்ணும் தாத்தா வயதில் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள். காகிதம் எதுவும் இல்லை. நடத்துபவர் ஒரு வரியை வாயால் பாடுகிறார், குழு திருப்பி வாசிக்கிறது, மறுபடி, மறுபடி. எங்கள் பறையின் தாள அடவுகளை வாய்ச்சொல்லில் வாங்கிய மாதிரியே இருந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து தொடங்கியபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பீப்பாயிலிருந்து வருகிற ஓசை இத்தனை மென்மையாக இருக்கும் என்று எந்தப் பதிவும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளி

அதிகாலை மூன்று மணிக்கு டான்ட்டி கதவைத் தட்டினார். "கான்புலே பார்க்காமல் கார்னிவல் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லாதே."

பிக்கடிலி கிரீன்ஸ். நகரத்தின் கிழக்கே வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம், காலம்காலமாக ஏழைகளின் பகுதி. கார்னிவல் வெள்ளியன்று விடிவதற்கு முன் இங்கே ஒரு தெருநாடகம் நடக்கிறது. ஊர் மக்களும் மாணவர்களும் தீப்பந்தமும் கம்பும் ஏந்தி வருகிறார்கள். அவர்கள் நடித்துக் காட்டுவது இந்தத் தெருக்களில் உண்மையிலேயே நடந்த ஒரு சண்டையை.

கதை 1783இல் தொடங்குகிறது. அப்போது டிரினிடாட் ஸ்பெயினின் கையில். தீவில் ஆள் போதவில்லை என்று ஸ்பெயின் அரசர் ஓர் ஆணை போட்டார்: கத்தோலிக்கர்களாக இருந்தால் வெளியாரும் வந்து குடியேறலாம், நிலம் தருகிறோம். மற்றத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுப் பண்ணையார்கள் அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். முகமூடி விருந்துகளையும் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸிலிருந்து, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வரைக்கும் மாளிகைகளில் ஆட்டம். 1797இல் தீவை பிரிட்டன் பிடித்த பிறகும் அது நிற்கவில்லை. அடிமைகளுக்கு அதில் இடம் கிடையாது. ஆனால் அந்த விருந்துகளில் பண்ணையார்கள் விரும்பிப் போட்ட வேடங்களில் ஒன்று தோட்டத்து அடிமையின் வேடம்! கரும்புக்காடு தீப்பிடித்தால் கொம்பு ஊதி, சாட்டையால் விரட்டி, பக்கத்துத் தோட்டத்து அடிமைகளையும் திரட்டி இரவோடு இரவாகத் தீயணைக்க ஓட்டிப்போவார்கள். அந்த ஓட்டத்தை மாளிகைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்து மகிழ்ந்தார்கள்.

1834 ஆகஸ்ட் 1இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. "பயிற்சிக்காலம்" என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம் இழுத்து, 1838இல்தான் உண்மையான விடுதலை. விடுதலை பெற்றவர்கள் கார்னிவலைத் தங்கள் கையில் எடுத்தார்கள். எரியும் கரும்புக்காட்டுக்கு விரட்டப்பட்ட அதே ஓட்டத்தை, தீப்பந்தமும் மேளமும் பாட்டுமாக, இப்போது தங்கள் நினைவாக, தங்கள் வெற்றியாக ஓடினார்கள். எரிந்த கரும்பு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் உச்சரிப்பு மாறி கான்புலே ஆனது. ஞாயிறு நள்ளிரவில் தொடங்கும் அந்த ஊர்வலத்தில் கலிந்தா என்ற கம்புச் சண்டையும் உண்டு. மேளக்காரர்களுக்கு நடுவே இரண்டு பேர், கையில் பூயி மரக் கம்பு, சுற்றிலும் பாட்டு. முன்னின்று பாடுபவருக்கு ஷான்ட்வெல் என்று பெயர். இந்தத் தீவின் பாட்டுவகையான கலிப்ஸோவின் பாடகர்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள்தான். சிலம்பம் பார்த்து வளர்ந்த எனக்கு இன்றைய நாடகத்தில் அந்தக் கால்வைப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வெள்ளை அதிகாரிகளுக்கும் நகரத்துக் கனவான்களுக்கும் இது பிடிக்கவில்லை. தெருவில் ஆடியவர்களை "ஜாமெட்" என்றார்கள், மரியாதைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் என்று பொருள். கேப்டன் பேக்கர் என்ற போலீஸ் தலைவர் 1880இல் பந்தங்களையும் மேளங்களையும் கம்புகளையும் ஒப்படைக்க வைத்தார். அடுத்த வருடம், 1881இல், அவர் மறுபடி வந்தபோது, வழக்கமாக ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் கம்புக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து நின்றன. தெருவிளக்குகள் உடைந்தன, இருட்டில் சண்டை. கடைசியில் ஆளுநர் ஃப்ரீலிங் நேரில் வந்து மக்களிடம் பேசி, போலீஸைப் பாசறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்.

இன்று காலை நாடகத்தில் அந்த இடம் வந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து கத்தியது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருடா வருடம் பார்க்கிறாராம்.

ஆனால் 1884இல் சட்டமே வந்துவிட்டது. தீப்பந்தம் கூடாது, மேளம் கூடாது, பத்துப் பேர் கம்போடு கூடக் கூடாது. கான்புலே அத்தோடு நின்றது. அண்ணன் சொன்ன தடை இதுதான்.

சனி

பகலில் தூக்கம். இரவு முழுக்க ஸ்டீல்பான் குழுக்கள் மோதும் பனோரமா இறுதிப் போட்டி. குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய மைதானத்தில் 1963 முதல் நடக்கிறது.

மேளத்தைப் பிடுங்கிய பிறகு என்ன ஆனது? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தினார்கள். தடித்தது ஒரு சத்தம், மெலிந்தது ஒரு சத்தம். டம்பூ பேம்பூ என்று அதற்குப் பெயர், டம்பூ என்றால் பிரெஞ்சு வழியில் மேளம், பேம்பூ என்றால் மூங்கில். 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, வண்டியின் பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்துகொண்டன. எந்த இடத்தில் தட்டினால் எந்தச் சுரம் வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கார்னிவலுக்கே தடை. 1945இல் போர் முடிந்த அன்று பையன்கள் டின்களோடு தெருவில் குவிந்தார்கள். எண்ணெய் வளமுள்ள தீவு, அமெரிக்கப் படைத்தளம் வேறு. காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன், எல்லி மானெட், ஆன்டனி வில்லியம்ஸ் போன்ற இளைஞர்கள் அந்தப் பீப்பாயை இன்று நாம் கேட்கும் வாத்தியமாக மாற்றினார்கள். 1951இல் ஒரு குழு லண்டனுக்கே போய் வாசித்துவிட்டு வந்தது.

செய்முறையை நேற்று பான்யார்டில் ஒருவர் காட்டினார். பீப்பாயின் அடித்தட்டைச் சம்மட்டியால் அடித்துக் குழியாக்குவது, சுரங்களின் எல்லையைக் குறிப்பது, அப்புறம் நெருப்பில் வைப்பது, கடைசியில் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சுரமாகத் தட்டி எடுப்பது. நெருப்பில் வைப்பது என்றதும் நான் நிமிர்ந்தேன். தோலாக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் தீயைத் தொட்டால்தான் குரல் வருகிறது.

போட்டிக்கு வருகிற பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல். வாசிப்பவர்களை ஏற்றிய சட்டங்களை ஊர்க்காரர்களே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக வாரக்கணக்கில் இரவெல்லாம் உழைத்தவர்கள். லாவென்டில் குன்றில் பிறந்த டெஸ்பராடோஸ் குழு மேடையேறியபோது டான்ட்டி எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "என் அண்ணன் பான் வாசிக்கிறான் என்று தெரிந்ததும் அப்பா அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார்" என்றார். அந்தக் காலத்தில் பான் வாசிப்பவன் ரவுடி, அவ்வளவுதான். இன்று அது நாட்டின் தேசிய வாத்தியம்.

நான் பறையை முதன்முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்த நாளில் என் அப்பா பேசாமல் எழுந்து போனதை டான்ட்டியிடம் சொன்னேன். எங்கள் ஊரில் அந்தக் கருவியை அடிப்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியதையும், சாவு வீட்டுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு

டிமாஞ்ச் க்ரா, கொழுத்த ஞாயிறு. கார்னிவல் என்ற சொல்லையே இறைச்சியை விலக்குவது என்ற இலத்தீன் பொருளோடு சேர்த்துச் சொல்வார்கள். விலக்குவதற்கு முன் தின்று தீர்க்க வேண்டுமே. மதியச் சாப்பாட்டில் சுட்ட கோழி, மக்ரோனி, காலலு. சேப்பங்கிழங்கு இலையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கடைந்த காலலுவை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்தபோதுதான் டான்ட்டி சொன்னார், அவருடைய நானி மதராசியாம். நானி என்றால் அம்மாவின் அம்மா, இந்தி வழியாக இங்கே தங்கிவிட்ட சொல். 1845 முதல் 1917 வரை சுமார் 1,40,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரிக்காரர்கள். ஒரு சிறு பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து. அவர்களுக்குத்தான் மதராசி என்று பெயர். டான்ட்டிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "நானி கூட்டிப்போகும் காளி கோயிலில் ஒரு மேளம் அடிப்பார்கள். வட்டமாக, ஒரு பக்கம் மட்டும் தோல். தப்பு என்று பெயர்" என்றார்.

தப்பு என்றே சொன்னார். எங்கள் ஊரில் வயதானவர்கள் பறையைச் சொல்வதுபோலவே.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. என் பேசியில் இருந்த பறை வாசிப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது அடவிலேயே அவர் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

மேளத் தடை வந்த அதே 1884, இந்தியர்களையும் விடவில்லை. முஹர்ரம் ஊர்வலத்தை இங்கே ஹோசே என்கிறார்கள். தாசா மேளத்தோடு, தாஜா என்ற அலங்கரித்த கல்லறை மாதிரிகளைத் தூக்கிப்போவது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் ஆப்பிரிக்க வழியினரும் கூடவே நடந்தார்கள். ஊர்வலம் நகரத்துக்குள் வரக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோவின் எல்லையில் மீறி நடந்தவர்கள் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். கார்னிவலின் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பயந்த அரசு ஒன்று, பறிக்கப்பட்ட தெருவும் ஒன்று.

இன்று கார்னிவலை ஆட்டிவைக்கும் சோகா இசையிலும் இந்த உறவு இருக்கிறது. 1970களில் ராஸ் ஷார்ட்டி ஐ என்ற பாடகர் கலிப்ஸோவோடு டோலக், தந்தால் ஆகிய இந்தியக் கருவிகளின் தாளத்தைக் கலந்தார். அவர் இந்தியர்கள் நிறைந்த லெங்குவா கிராமத்தில் வளர்ந்தவர். சோகா என்ற பெயரின் கடைசி எழுத்தான "கா"வை இந்திய எழுத்து வரிசையின் முதல் மெய்யை நினைத்து வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

திங்கள்

ஜூவே. பொழுது விடிகிறது என்று பொருள். கான்புலேயைத் தடை செய்த பிறகு, நள்ளிரவில் கூடாது, திங்கள் காலையில்தான் என்று அரசு கெடு வைத்தது. அந்தக் கெடுவையே மக்கள் திருவிழாவின் வாசலாக்கிக்கொண்டார்கள். இப்போது நான்கு மணிக்கே இறங்கிவிடுகிறார்கள்.

டான்ட்டியின் பேரன் என்னைக் கூட்டிப்போனான். பழைய சட்டை, பழைய கால்சட்டை. பீப்பாய் நிறையச் சேறு. கைநிறைய அள்ளித் தலையிலிருந்து பூசிவிட்டார்கள். பூசியதும் ஒரு விசித்திரம் நடக்கிறது: பக்கத்தில் இருப்பவர் யார், என்ன நிறம், என்ன வேலை, எதுவும் தெரிவதில்லை. பல்லும் கண்ணும் மட்டும். வேறு சிலர் எண்ணெய், சிலர் கோகோ. கறுப்புப் பூச்சோடு கொம்பு வைத்து, டின்னைத் தட்டி ஆடும் ஜாப் மொலாஸி எதிரே வந்தார். கொதிக்கும் வெல்லப்பாகில் விழுந்து செத்த அடிமையின் ஆவி என்று சொல்வார்கள். ஆடுகிறவர் சிரிக்கவே இல்லை.

எங்கள் கூட்டத்தில் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் ஒருவர் இருந்தார். அந்தக் கணீர் ஒலிதான் எல்லாரையும் நடத்திச் சென்றது. ஒரு திருப்பத்தில் கம்பியை என்னிடம் நீட்டினார். பத்து நிமிடம் தட்டினேன். எந்த அடவும் யோசிக்கவில்லை, கை தானே போனது. அப்போது கிழக்கே குன்றுகளுக்குப் பின்னால் வெளுத்தது. இந்தத் தெருவில் மேளம் அடித்ததற்காக அடி வாங்கியவர்கள் நடந்த பாதை இது என்ற நினைப்பில் தொண்டை அடைத்துக்கொண்டது.

மாலையில் மலைமேல் பாராமின் கிராமம். நீலப் பிசாசுகள். உடம்பு முழுக்க நீலம், ஒருகாலத்தில் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைத்தான் பூசினார்களாம். வாயிலிருந்து தீ ஊதி, டின் தட்டி, காசு கொடுக்கும்வரை வழியை விடமாட்டார்கள். கொடுத்தேன்.

செவ்வாய்

பெரிய ஊர்வல நாள். வேடமிட்டு ஆடுவதை இங்கே மாஸ் விளையாடுவது என்கிறார்கள். சவானா மேடையைத் தாண்டிப் போகும் குழுக்களில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், மணியும் இறகும் பதித்த உடை. முந்நூறு பேருக்கு ஓர் ஒலிபெருக்கி லாரி. அழகுதான், ஆனால் உடைகளுக்கு விலை மிக அதிகம். வாங்க முடியாதவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். மாளிகைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தொடங்கிய திருவிழாவில் கயிறு இருப்பது எனக்கு வலித்தது. டான்ட்டிக்கும் அதே வருத்தம். 1957இல் ஜார்ஜ் பெய்லி ஆப்பிரிக்க அரசர்களின் அணியை இறக்கிய வருடத்தை அவருடைய அம்மா சாகும்வரை பேசிக்கொண்டிருந்தாராம். 1983இல் பீட்டர் மின்ஷல் வெள்ளை உடை அணிந்த ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் இறக்கி, அவர்கள்மேல் சாயத்தைப் பொழியவைத்து, ஆறு அழுக்காவதைக் காட்டினார். கம்பி வளைத்து உருவம் செய்யத் தெரிந்த கைவினைஞர்கள் அப்போது தெருவுக்கு ஒருவர் இருந்தார்களாம்.

நான் பெரிய ஊர்வலத்தை விட்டுவிட்டுப் பழைய வேடங்களைத் தேடிப் போனேன். மோக்கோ ஜம்பி, மரக்கால் ஆட்டக்காரர், மாடி ஜன்னல் உயரத்தில் நடக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கடல்மேல் நடந்தே வந்த தெய்வம் என்பது நம்பிக்கை. அகன்ற தொப்பியோடு மிட்நைட் ராபர் என்னை நிறுத்தி, தான் பிறந்தபோது சூரியன் அணைந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னார். பண்ணையார் மனைவியின் பருத்த மார்பையும் பின்புறத்தையும் பஞ்சடைத்துக் காட்டும் டேம் லொரேன். இடுப்பில் கழுதை உருவம் மாட்டி ஆடும் பரோகீட்டைப் பார்த்ததும் எங்கள் ஊர்த் திருவிழாப் பொய்க்கால் குதிரை கண்முன் வந்து நின்றது. கால்கட்டை மட்டும் இல்லை.

நள்ளிரவு வரைக்கும் கடைசிச் சுற்று. பன்னிரண்டு அடித்ததும் நிறுத்திவிட்டார்கள். தெருவில் ஆயிரம் பேரின் செருப்புச் சத்தம் மட்டும்.

புதன்

காலையில் டான்ட்டியோடு கோயிலுக்குப் போனேன். திருநீற்றுப் புதன். நேற்று மினுமினுப்புப் பூசியிருந்த கண்ணிமைகளோடு இளம்பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று குருவானவர் நெற்றியில் சாம்பல் இட்டார். சின்ன வயதிலிருந்து கேட்ட வாக்கியம். திங்கட்கிழமைச் சேறு இன்னும் என் காதுமடலுக்குப் பின்னால் இருந்தது.

ஊரில் பாதிப் பேர் மரக்காஸ் கடற்கரைக்குப் போய்விட்டார்களாம். கார்னிவல் முடிந்ததும் வரும் ஏக்கத்துக்கு டபாங்கா என்று இங்கே ஒரு சொல் இருக்கிறது. காதல் தோல்விக்கும் அதே சொல்தான்.

வீட்டில் மீனும் சோறும். சாப்பிட்ட பின் டான்ட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரண்டு குச்சியும் வைத்தார். "நானியின் கோயிலில் அடித்ததை எனக்குக் காட்டு" என்றார். விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. முதல் அடவிலிருந்து தொடங்குகிறோம்.